சீடியின் முதுகு

முக்கால் மணி நேரம் அந்தச் சீடிப் பெட்டி ஒழுங்காகப் பேசும். அதற்குமேல் வாய் திக்க ஆரம்பித்துவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான். "பஞ்சத்துக்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, தொடர்ந்து மழை பொய்த்தது. இரண்டாவது..." என்று மேல்வீட்டு டீச்சரின் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தது. பிறகு "இரண்டா, இரண்டா, இரண்டா" என்று ஒரே இடத்தில் செக்கு மாடாகச் சுற்றியது. சட்டென்று நாலு பக்கம் தாவி வேறு எதையோ பாதியில் சொல்லிவிட்டு, உஸ்ஸென்று பெருமூச்சு விட்டு நின்றுபோயிற்று.

அடுப்படியில் அவித்த உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. உள்ளே மகள் என்ன சொல்லப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"அம்மா, மறுபடியும்."

"கேட்டுச்சு."

"நேத்து எனக்குத் தெரியாம எதை வெச்சு தொடச்ச இதை? ஒரே புதினா வாசம்."

"பேஸ்ட் போட்டுத் தேச்சா கீறல் போயிரும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. போட்டு நல்லா வட்டமாத் தேச்சு, கழுவி, பளபளன்னு வெச்சேன்."

"பேஸ்ட்டா? பல்லா அது, வெளக்கி விடறதுக்கு?"

"உனக்கு நல்லதுன்னுதானேடி செஞ்சேன்."

மகள் பெட்டியின் மூடியைத் தடவித் திறந்து, சீடியை விளிம்பில் பிடித்து எடுத்து, அதன் உறையில் போடும் சத்தம் மட்டும் கேட்டது. வயது இருபத்தாறு ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். பிறந்ததிலிருந்து கண் தெரியாது. ஆசிரியர் வேலைக்கான பரீட்சை மாதக் கடைசியில் வருகிறது. இதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. மேல்வீட்டு டீச்சர் ஒரு வருஷம் உட்கார்ந்து வரலாற்றுப் புத்தகங்களை எல்லாம் வாய்விட்டுப் படித்து, கம்ப்யூட்டரில் பதிந்து, பதினோரு சீடியாகக் கொடுத்துவிட்டு, மகனோடு இருக்கக் கடல் கடந்து போய்விட்டார். அவருடைய கம்ப்யூட்டரையும் விற்றாகிவிட்டது. இந்தப் பதினோரு தட்டுகளைத் தவிர வேறு வழியில்லை.

"ஒவ்வொரு சீடியிலயும் கடைசிப் பாடம் எனக்குத் தெரியாது" என்றாள் மகள். "கேள்வியெல்லாம் அங்கேருந்து வந்தா, பெட்டி திக்குச்சுன்னு எழுதிட்டு வரவா?"

அம்மாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கத்தியை வைத்தாள். அடுப்பை அணைத்தாள். பெட்டியைப் பிடுங்கி ஒரு பழைய படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டினாள். தெருவில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். அதற்காக ஒருநாளும் அவள் வருத்தப்பட்டதில்லை.

"எங்கம்மா போற?"

"அந்த ஈயத்தை உருக்கிட்டு வரேன்."

ஈயம் என்பது ரேடியோக் கடைக்காரர். எந்நேரமும் ஈயம் பற்றவைக்கிற புகையில் உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். முப்பது வயசு இருக்கும், ஒல்லி, மூக்குக் கண்ணாடியின் ஒரு காது ஒயரால் கட்டப்பட்டிருக்கும். கடை என்றால் ஒரு ஆள் உட்கார, ஒரு ஆள் நிற்க. மீதி இடமெல்லாம் வயிறு கிழிக்கப்பட்ட ரேடியோக்கள்.

அம்மா மூட்டையை மேசைமேல் வைத்த வேகத்தில் திருகாணிகள் உருண்டு ஓடின.

"தம்பி, இது மூணாவது தடவை. மொதல்ல லென்ஸ்ல தூசின்ன. சரி, தொடன்னேன். அப்புறம் லென்ஸே போச்சுன்ன. சரி, மாத்துன்னேன். ரெண்டு நாளா அது என்ன பேசுதுன்னு வந்து கேளு. பெட்டியா அது? திக்குவாயைக் கூலிக்குப் பிடிச்சு உள்ள உக்கார வெச்சிருக்கியா?"

"அக்கா, உக்காருங்க."

"உக்காரல. நின்னுக்கிட்டே திட்டறேன், அதான் எனக்கு வசதி. என் மக படிப்போட விளையாடறியா நீ? கண்ணு தெரியாத பொண்ணு காதை நம்பிப் படிக்குது. அந்தக் காதையும் புடுங்கிட்டா என்ன பண்ணும்?"

எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "பட்டாசு பத்திக்கிச்சு" என்று மெதுவாகச் சொன்னார். அது அம்மாவின் காதிலும் விழுந்தது. "உங்களுக்கும் ஒரு சரம் வெச்சிருக்கேன், இருங்க" என்று திரும்பாமலே சொன்னாள்.

கடைக்காரர் ஒன்றும் பேசாமல் மூட்டையை அவிழ்த்தார். தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பாட்டு சீடியை எடுத்துப் போட்டார். பொத்தானை அமுக்கிக் கடைசிப் பாட்டுக்கு ஓட்டினார். பாட்டு தடங்கல் இல்லாமல் முழுதாக முடிந்தது. அதற்கு முந்தின பாட்டைப் போட்டார். அதுவும் தேன் ஒழுகுகிற மாதிரி போயிற்று.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் சிறுத்துவிட்டது.

"அக்கா, பெட்டி நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னு சொல்ல உனக்கு வெக்கமா இல்லையா?"

"இருக்கு. பெட்டி அப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கும். சூடாகித்தான் கடைசில திக்குதுன்னு நெனச்சேன். சீடி உள்ளேருந்து வெளிய படிக்கும்க்கா. பாட்டு ஆரம்பிக்கிறது நடு ஓட்டைப் பக்கம், முடியறது விளிம்புல. உங்களுக்கு எல்லாத்துலயும் கடைசிதான் போகுதுன்னா, விளிம்புலதான் ஏதோ கோளாறு. மொதல் நாளே உங்க சீடியைக் கொண்டாங்கன்னு கேட்டிருக்கணும். கேக்காம லென்ஸை மாத்திட்டேன். அந்தக் கூலியைத் திருப்பித் தரேன்."

"உன் கூலி யாருக்கு வேணும்? பாடம் வேணும்."

"சீடியைக் கொண்டாங்க."

"தர மாட்டா. யார் கையிலயும் தர மாட்டா இப்ப." அம்மாவின் குரல் முதல் தடவையாக ஒரு படி இறங்கியது. "ரெண்டு மாசம் முன்னாடி கட்டிலுக்கு அடியில பெருக்கறேன்னு மொத்தத்தையும் கொட்டிட்டேன். உறை மேலதான் அவ தடவிப் பாக்கற புள்ளியெல்லாம் இருந்துச்சு. நான் எதை எதுல போட்டேனோ தெரியல. எல்லாம் மாறிப்போச்சு. அன்னைக்குப் பேசுனா ஒரு பேச்சு... என் சாமானை யாரும் தொடக்கூடாதுன்னுட்டா."

கடைக்காரர் எழுந்து கதவுப் பலகையைப் பாதி இழுத்துவிட்டார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார்.

"நீ எதுக்கு வரே?"

"தர மாட்டாங்கன்னா நான்தானே வரணும்?"

வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. அவர் பெட்டிமேல் தன் சட்டையை அவிழ்த்துப் போர்த்தி, பனியனோடு நடந்தார். அம்மா குடையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் தலைக்கு அல்ல, பெட்டிக்கு. "நல்லவன் மாதிரி நடிக்காதே, எனக்கு இன்னும் கோவம் போகல" என்றாள். "தெரியுதுக்கா, குடைக்கம்பி கண்ணைக் குத்துது" என்றார் அவர்.

வீட்டில் அப்பா சாப்பிட வந்திருந்தார். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவருக்கு மரப்பெட்டி மாதிரி ஒரு கடை. சாவி வெட்டுவார், கதவில் மாட்டும் பலகைக்குப் பேர் வெட்டுவார், பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயக் கோப்பை, பேனா, நாய்க் கழுத்துப் பட்டை எதுவானாலும் அதில் எழுத்து இறக்கிக் கொடுப்பார். அதிகம் பேச மாட்டார். வீட்டுப் பேச்சு மொத்தத்தையும் அம்மா பேசிவிடுவதால் அவருக்குப் பங்கு மிஞ்சவில்லை என்று மகள் கேலி செய்வதுண்டு. பிசைந்த உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு, வந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

கடைக்காரர் கட்டிலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் ரேடியோக் கடை. உங்க சீடியைப் பாக்கணும். தொடலாமா?"

மகள் உறைகளின் அடுக்கைத் தடவினாள். அப்படி யாரும் அவளைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பிறகு ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் ஒரு விரலை நடு ஓட்டையிலும் கட்டைவிரலை விளிம்பிலுமாக வைத்து வாங்கினார். ஜன்னல் பக்கம் சாய்த்து மினுங்குகிற பக்கத்தைப் பார்த்தார்.

"யாரு இதை வட்ட வட்டமாத் தேச்சது?"

"நான்தான்" என்றாள் அம்மா. "அதுக்கும் திட்டு."

"தொடச்சா நடுவுலேருந்து விளிம்புக்கு நேரா தொடைக்கணும். வட்டமாத் தேச்சா, அது படிக்கிற பாதை மேலயே கோடு போட்ட மாதிரி. குறுக்கால சின்னக் கோடு இருந்தா தாண்டிப் போயிரும். பாதையோடயே கோடு போனா தடுமாறும். பேஸ்ட் வேண்டாம், ஈரமான பஞ்சுமாதிரித் துணி போதும். ஆனா இது இல்ல கோளாறு. இது லேசாத்தான் இருக்கு."

அவர் சீடியைத் திருப்பினார். டீச்சர் மையால் எண் எழுதியிருந்த மேல்பக்கம். திருப்பியவரின் கை அப்படியே நின்றது. எழுந்து ஜன்னலுக்குப் போனார். சீடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அம்மாவும் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள்.

விளிம்பை ஒட்டி ஏழு கோடுகள். ஒவ்வொன்றும் நகத்தின் நீளம், ஒரே இடைவெளி, ஒரே ஆழம். ஒரு பிசிறு இல்லை. அந்த ஏழு கோடுகளின் வழியாகவும் வானம் தெரிந்தது.

"இதை யாரு வெட்டுனது?" என்றார் கடைக்காரர்.

அப்பாவின் தட்டில் கரண்டி வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அது அடையாளம்" என்றாள் மகள். "ஏழாவது சீடி, ஏழு கோடு. உறை மாறிப்போனாலும் எடுத்துத் தொட்டா எனக்குத் தெரியணும்னு அப்பா போட்டுத் தந்தாரு. ஏன்?"

"பளபளன்னு இருக்கிற பக்கம் ஒரு கீறல் படல, தம்பி" என்றார் அப்பா அவசரமாக. "அடியில மெத்துன்னு துணி போட்டு, காத்துகூடப் படாமத்தான் வெட்டுனேன். மேல்பக்கம் வெறும் பேர் எழுதுற எடம்தானேன்னு..."

கடைக்காரர் சொல்லத் தயங்கினார். சொல்லாமல் இருப்பதும் தப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினார்.

"அண்ணே, அந்தக் கண்ணாடிக்கு ரசம் எங்க இருக்கு? பின்னாடி. முன்னாடி கீறல் விழுந்தாலும் முகம் தெரியும். பின்னாடி ரசத்தைச் சொரண்டிட்டா முகமே இல்ல. இதுவும் அதுதான். கீழேருந்து ஒரு ஒளி மேல போகும், ரசத்துல பட்டுத் திரும்பி வரும். திரும்பி வர்றதை வெச்சுத்தான் பெட்டி பேசும். கீழ்ப்பக்கம் தடியா பிளாஸ்டிக் இருக்கு, தாங்கும். ரசம் மேல்பக்கம்தான் ஒட்டியிருக்கு. அதுக்கு மேல வெங்காயத்தோல் மாதிரி ஒரு பூச்சு, அவ்வளவுதான். நீங்க வெட்டுன எடத்துல ஒளி திரும்பி வரல. ஆகாசத்துக்குப் போயிருது."

"ஒட்ட வெக்க முடியாதா?"

"முடியாதுண்ணே."

"பதினொண்ணுலயுமா?" என்றாள் அம்மா. கேட்டது யாரையும் அல்ல.

பிறகு அவள் வெடித்தாள். அதற்குமுன் அந்தத் தெரு கேட்டதெல்லாம் ஊசிப் பட்டாசு என்று சொல்லும்படி வெடித்தாள். "கையில இரும்பு கெடைச்சா எதையாவது கீறணும் உங்களுக்கு. ஊருக்கெல்லாம் பேர் வெட்டிக் கொடுத்துட்டு, பெத்த பொண்ணு தலையெழுத்துல கொண்டுபோய் உளியை வெச்சிருக்கீங்க. ஒரு வார்த்தை, யாரையாவது, வாயைத் தெறந்து கேட்டீங்களா? வாய் எதுக்கு இருக்கு, முட்டை திங்கவா?" தட்டை எடுத்து அடுப்படிக்குள் வீசினாள். அது பீங்கான் இல்லை, தகரம். வெகுநேரம் சுழன்று சுழன்று அடங்கியது.

அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நீ அன்னைக்குத் தொட்டுப் பாத்துச் சிரிச்சியே, பாப்பா."

"சிரிச்சேன்" என்றாள் மகள். அவள் குரல் உயரவில்லை. அம்மாவின் கூச்சலைவிட அது பயமாக இருந்தது. "ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சேன். அதான் எனக்கு எரியுது. இந்த வீட்ல எல்லாரும் எனக்கு நல்லது பண்றீங்க. அம்மா பெருக்குனது எனக்கு நல்லது. பேஸ்ட் போட்டது நல்லது. நீங்க வெட்டுனது நல்லது. இவரு லென்ஸை மாத்துனதும் நல்லது. பண்றதுக்கு முன்னாடி ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா? எனக்குக் கண்ணுதான் இல்ல. வாய் இருக்கு, புத்தி இருக்கு. கேட்டிருந்தா, அப்பா, கொஞ்சம் பொறுங்க, தெரிஞ்சவங்ககிட்ட விசாரிக்கலாம்னு சொல்லியிருப்பேன்ல?"

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நடு ஓட்டையைச் சுற்றி இருக்கிற கண்ணாடி போன்ற வளையத்தில் பாட்டும் இல்லை, ரசமும் இல்லை, அங்கே வெட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பது அவருக்குத் தெரியும். அதை இப்போது சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது. ஆனால் மகளே அந்த வளையத்தை விரலால் தடவிக்கொண்டு, "இங்க வெட்டியிருந்தா?" என்று கேட்டாள். "இங்க வெட்டலாம்" என்றார் அவர். அப்பா எழுந்து, வாய்கூடக் கொப்பளிக்காமல், மழையில் கடைக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்கு அன்றைக்குப் பிற்பகல் வேலை. ஊரின் ஆஸ்பத்திரி விரிப்புகள் எல்லாம் வந்து சேரும் பெரிய சலவைக்கூடம். ஆவியில் முகம் தெரியாது, இயந்திரங்களின் இரைச்சலில் குரல் கேட்காது. அவளைப் போன்ற ஆளுக்கு அதுவும் ஒரு வசதி. காய்ந்த விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். ஒருத்தி அவசரப்பட்டால் மடிப்பு கோணிப்போகும். அன்றைக்கு எல்லாமே கோணிப்போயிற்று.

"யாரை இப்படி மனசுக்குள்ள மென்னுக்கிட்டு இருக்க?" என்றாள் எதிர்மூலைக்காரி. "பாவம், விரிப்பு என்ன பண்ணுச்சு?"

"எம் புருஷனை."

"அந்த வாயில்லாப் பூச்சியையா?"

உதறிய விரிப்பு காற்றில் எழும்பி இறங்கும்போது அம்மாவுக்குக் கட்டிலடியில் சிதறிக் கிடந்த பதினோரு தட்டுகள் ஞாபகம் வந்தன. கொட்டியது யார்? தான் கொட்டியதைச் சரிசெய்யத்தானே அவர் உளியை எடுத்தார்? கடவுளே, என்று நினைத்தாள். கோபத்தில் அவள் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் குறைய வேண்டாம், அதை எங்கே வைப்பது என்று மட்டும் சொல்லு. கடவுள் அப்படியெல்லாம் சலவைக்கூடத்தில் வந்து பதில் சொல்வதில்லை. அவர் வேலையைப் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்களிடம் கொடுத்துவிடுகிறார்.

வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு பழைய கேசட் ரிக்கார்டர் இருந்தது. ரேடியோக் கடைக்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மகளிடம் அவர் முதலில் கேட்ட கேள்வி இதுதானாம்: டீச்சர் படித்த புத்தகங்கள் எங்கே? டீச்சர் கொடுத்துவிட்டுப் போன அவை கட்டிலடியில்தான் இருந்தன, கட்டுக் கட்டாக. பார்வை இல்லாதவள் படிக்கிற வீட்டில் அச்சுப் புத்தகத்தை யார் நினைத்துப் பார்த்தார்கள்? ஒவ்வொரு சீடியிலும் போனது கடைசி இருபது நிமிஷம்தான். அதை மட்டும் யாராவது வாய்விட்டுப் படித்துப் பதிந்துவிட்டால் போதும். "கடை மூடிட்டு நான் வந்து பாதி படிக்கிறேன். சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார். மகள் சம்மதம் என்றிருக்கிறாள்.

"மீதிப் பாதி?" என்றாள் அம்மா. அவள் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி.

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் அம்மா எழுந்தபோது அடுத்த அறையில் பேச்சுக் குரல் கேட்டது. கதவு இடுக்கில் பார்த்தாள். மகள் கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அப்பா முக்காலியில், மடியில் புத்தகம், அரை இருட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. விளக்கைப் போடலாமா என்றுகூடக் கேட்கத் துணியாத மனுஷன்.

"பாப்பா, ஆரம்பிக்கட்டுமா?"

"ம்."

"பொத்தானை நான் அமுக்கட்டுமா, நீ அமுக்குறியா?"

"நான் அமுக்குறேன். ஒவ்வொண்ணையும் கேக்க வேண்டாம்."

"சரி." ஒரு நிமிஷம் கழித்து, "எதையெல்லாம் கேக்கணும், எதைக் கேக்க வேண்டாம்?" என்றார்.

மகள் பொத்தானை அமுக்கினாள். அப்பா படிக்கத் தொடங்கினார். வாழ்நாள் முழுதும் எழுத்தை ஒவ்வொன்றாக வெட்டியவர். படிப்பதும் அப்படியே இருந்தது. ஒரு எழுத்தை முடித்து, தூசியை ஊதிவிட்டு, அடுத்த எழுத்துக்கு வருகிற மாதிரி. "பஞ், சத், துக், கு..."

மகள் பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். "பெட்டியே தேவலை. அது கடைசிலதான் திக்கும்."

"எழுத்து கண்ணுக்குச் சரியாத் தெரியல, பாப்பா."

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த பொத்தானைப் பளாரென்று ஓர் அறை அறைந்தாள். விளக்கு எரிந்தது. "இருட்டுல உக்காந்து படிச்சு இவரும் கண்ணைக் கெடுத்துக்கட்டும், எனக்கென்ன" என்று சுவரிடம் சொன்னாள். வெளியே போனவள் ஒரு குவளை சூடான பாலோடு திரும்பி வந்து, அதை முக்காலிக்குப் பக்கத்தில் கட்டில் விளிம்பில் டொக்கென்று வைத்தாள்.

"மொத்த வார்த்தையையும் கண்ணால பாத்துட்டு அப்புறம் வாயைத் தெறங்க" என்றாள் மகள். "மறுபடியும்."

அவர் மறுபடியும் படித்தார். அதற்குப் பிறகு மறுபடியும். மூன்றாவது தடவைக்குச் சொற்கள் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தன.

"பஞ்சத்துக்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, தொடர்ந்து மழை பொய்த்தது. இரண்டாவது..." அவர் நின்று மூச்சு வாங்கினார். கதவருகே அம்மாவும் நின்றாள். பல நாளாக இந்த வீடு அந்த இடத்தைத் தாண்டியதில்லை. "இரண்டாவது, விதைத் தானியம் கெட்டுப்போகக் கூடாது என்ற அக்கறையில், அதை வெளிச்சம் படாத நிலவறைகளில் அடைத்து வைத்தார்கள். அறைகளின் ஈரத்தை யாரும் கவனிக்கவில்லை. விதை முழுவதும் புழுத்துப்போயிற்று."

அத்தோடு அவர் குரல் நின்றுவிட்டது. கேசட் மட்டும் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல, பாப்பா."

மகள் முதுகைக் காட்டியபடியே இருந்தாள். கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவி, முக்காலிக்குப் பக்கத்தில் இருந்த குவளையைத் தொட்டுப் பார்த்தாள். அதை அப்பாவின் முழங்காலில் இடிக்கும்வரை நகர்த்திவிட்டாள்.

"குடிச்சிட்டுப் படிங்க. எனக்கு இன்னும் கோவம் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். மூணாவது காரணம் என்ன?"